காணி உறுதியில் உள்ள பெயர்

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மன்னார் தீவில் கீரிக் கிராமத்துக்கு வந்து, கடற்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கையில் நீலக் கேற் போட்ட வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். யசிந்தா அங்கேதான் இருக்கிறாள். போனால் தேத்தண்ணியும் தருவாள். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கேற்றடியில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

பேய் என்றால் நடுச்சாமத்தில் வரும், நாய் ஊளையிடும் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கியவர்களுக்கும் ஒரு சொல். இதில் சாமமும் இல்லை, நாயும் இல்லை. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. சோழகக் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசுகிற ஜூலை மாதம். வெயில் தாங்காமல் கழுதைகள் மதில் நிழலில் வரிசையாக நிற்கிற நேரம்.

யசிந்தாவுக்கு அடையாள அட்டைப்படி நாற்பது வயது. ஆளைப் பார்த்தால் அவ்வளவு தெரியாது. அவளோடு நண்டுக் கம்பனியில் வேலை செய்கிற பெண்கள், "உனக்கு நாப்பது எண்டு ஆரடி சொன்னது?" என்று பகிடி பண்ணுவார்கள். புருஷன் பஸ்ரியன் ஏழு வருடத்துக்கு முன் இன்னொருத்தியோடு நீர்கொழும்பில் போய்க் குடியேறிவிட்டான். கோயிலில் கட்டிய கலியாணம், அது அப்படியே பதிவில் கிடக்கிறது. மகள் டினோஜாவுக்குப் பதினெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் மிச்சம் இருந்தது அம்மா அருளம்மா மட்டும். பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடந்தாள். வலது பக்கம் விளங்காது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

"சிந்தா..."

யசிந்தாவைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர் அது. ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுவாள். யசிந்தா செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஓடிப்போய் முன்னால் நின்றால், அருளம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். வருத்தக்காரிதானே என்று யசிந்தா பொறுத்துக்கொண்டாள். ஆனால் உள்ளுக்குள் நொந்தாள். பெற்ற மகள் பீயும் மூத்திரமும் அள்ளுகிறாள், தாய் முகம் கொடுக்கிறாள் இல்லை என்றால் யாருக்கும் நோகும்.

அந்த ஜூலையில் யசிந்தாவின் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். ஓகஸ்ட் நாலாம் திகதி கொழும்பில் ஒப்பரேசன். தப்புவதற்கும் தப்பாமல் விடுவதற்கும் பாதிப்பாதிதான் என்று டொக்டர் சொன்னார். செத்தால் சாகட்டும். அவளுக்கு இருந்த பயம் வேறு. வீட்டை மகளுக்கு எழுதாமல் கண்ணை மூடினால், நாளைக்கே பஸ்ரியன் புருஷன் என்று கடதாசியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். பிள்ளை நடுத்தெருவில் நிற்கும். போவதற்குள் எழுதிவிட வேண்டும். அவள் யோசித்தது அது ஒன்றைத்தான்.

ஜூலை பதின்மூன்று, ஞாயிறு. பின்னேரம் மூன்று நாற்பது.

அலுமாரியைத் திறந்து காணி உறுதியை எடுத்தாள். 1985இல் அப்பா யாகப்பர் எழுதியது. மகள் பிறந்து ஆறே மாதத்தில், வீட்டையும் வளவையும் அவள் பெயருக்கு நன்கொடையாக எழுதிவிட்டார். தானும் மனைவியும் சாகும்வரை அதில் இருக்கலாம் என்று ஆயுள் உரித்தும் போட்டிருந்தார். ஊரில் எல்லாரும் மெச்சுவார்கள். அவர் செத்து எட்டு வருடமாகியும் இந்த வீட்டால் ஒரு சண்டை வரவில்லை.

யசிந்தா எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தாள். "...எனது மகளாகிய யசிந்தா என்பவருக்கு..."

"ஓம்."

அம்மாவின் அறையிலிருந்து வந்தது. யசிந்தாவுக்கு உடம்பெல்லாம் சந்தோசம். அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டதே! ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

அருளம்மா நல்ல நித்திரை. வாய் மூடியிருந்தது.

திங்கள் காலை பத்து இருபது. மன்னார் ரவுணில், உறுதி எழுதுகிற நொத்தாரிசு முபீனின் கந்தோர். முபீன் உறுதியை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.

"உங்கட வாப்பா கெட்டிக்காரன் தங்கச்சி. எங்கட சனம் மௌத்து விழுந்த பிறகுதான் என்னட்ட ஓடி வரும். அவர் பிள்ளைக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னம் எழுதியிருக்கிறார்."

யசிந்தாவுக்குப் பெருமையாக இருந்தது. முபீன் பேனாவை எடுத்தார்.

"முழுப்பேரைச் சொல்லுங்கோ. யசிந்தா... யசிந்தாதானே?"

"ஓம்."

அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

முபீன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் பார்த்தார். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லை சேர். நான் தனியத்தான் வந்தனான்."

பின்னால், வந்தவர்கள் குந்துகிற ஒரு வாங்கு. வாங்கில் ஒருவரும் இல்லை. முபீன் எழுதத் தொடங்கினார். ஆயுள் உரித்து இருப்பதால் தாயும் பெருவிரல் வைக்க வேண்டும், தாய் வர ஏலாது என்றபடியால் தானே வியாழன் நாலு மணிக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். சொல்லும்போதும் அவர் கண் அந்த வாங்கிலேயே இருந்தது.

செவ்வாய், மத்தியானம் ஒன்று பத்து.

அம்மாவின் குரலை மகளுக்குக் கேட்கப் பண்ணலாம் என்று யசிந்தா போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். "அம்மா, டினோஜாவோட கதையுங்கோ." வழக்கம்போல அந்த ஒரு சொல்தான் வந்தது. பதிந்ததை மகளுக்கு அனுப்பினாள்.

ஒன்று இருபத்தைந்துக்கு மகளிடமிருந்து பதில் வந்தது.

"அம்மம்மாவுக்குப் பக்கத்தில ஆரம்மா குழந்தை?"

யசிந்தா தான் அனுப்பியதைத் தானே போட்டுக் கேட்டாள். காற்றாடி கிரீச்சிடும் சத்தம். அவளுடைய குரல். பிறகு அம்மா. பத்தொன்பதாவது செக்கனில்...

"சிந்தா..."

"ஓம்."

மழலை. இன்னும் சொல் திருந்தாத வாய். போனுக்கு மிகக் கிட்ட.

மூன்று தரம் கேட்டாள். நாலாவது தரம் கேட்கத் துணிவு வரவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அருளம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் முதல் சிரிப்பு. யசிந்தாவைப் பார்த்து அல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில், நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில், வெறும் இடத்தைப் பார்த்து.

புதன். பன்னிரண்டரை மணி.

அம்மாவைக் கழுவித் துடைத்துவிட்டுத் துவாயை எடுக்கத் திரும்பினாள். விறாந்தையில் ஒரு சத்தம்.

தப்... தப்... தப்... தப்...

சின்னக் கால். நடக்கப் பழகி அதிக நாளாகாத கால். ஓடி வந்து அறை வாசலில் நின்றது.

"ஆரது?"

ஒன்றும் இல்லை. வெளியே காற்று மட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

துவாயை எடுத்தாள். ஒரு அடி வைத்தாள்.

பின்னாலிருந்து அவள் சட்டை விளிம்பை ஏதோ பிடித்து இழுத்தது. மெதுவாக. இரண்டு தரம்.

தூக்கச் சொல்லிப் பிள்ளைகள் இழுப்பார்களே... அப்படி.

அவள் குனிந்து பார்க்கவில்லை. அருளம்மாதான் பார்த்தாள்.

வியாழன்.

முபீன் நாலு மணிக்குச் சொன்னபடி வந்தார். கூடவே அவருடைய கிளாக்கரும், ஓட்டோ ஓட்டி வந்த பைறூசும். சாட்சிக்கு அவர்கள் இருவரும். நாலு பேர் அறைக்குள் நின்றதும் யசிந்தாவுக்குத் தைரியம் வந்தது. இன்னும் பத்து நிமிடம். வீடு பிள்ளைக்கு. பிறகு என்ன வந்தாலும் வரட்டும்.

முபீன் உறுதியை ஆறுதலாக வாசித்து விளங்கப்படுத்தினார். பிறகு மைப்பெட்டியைத் திறந்தார். திறந்தவர் சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"தாயே, இவதானே உங்கட மகள் யசிந்தா?"

அருளம்மா யசிந்தாவைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இல்லை."

இரண்டு வருடத்தில் அவள் சொன்ன இரண்டாவது சொல் அது. தெளிவாகச் சொன்னாள்.

யசிந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா! நான்தானம்மா. சிந்தா."

"இல்லை."

முபீன் தொண்டையைச் செருமினார். "அப்ப யசிந்தா எங்க தாயே?"

அருளம்மா தன் இடது கையை உயர்த்தினாள். கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டினாள். நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு இறக்கினாள்.

உள்ளங்கை வெறும் காற்றில் நின்றது. கீழே போகவில்லை.

எதன் மேலோ இருந்தது.

பிறகு அந்தக் கை அசைந்தது. முன்னும்... பின்னும்... தலை தடவுகிற மாதிரி.

"சிந்தா."

"ஓம்."

எல்லாருக்கும் கேட்டது.

பைறூஸ் ஓடிவிட்டான். கிளாக்கர் சுவரோடு ஒட்டி நின்றான். முபீன் "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். மைப்பெட்டியை மூடவும் மறந்துபோனார். அப்போது நேரம் நாலு பதினேழு.

கேற்றடிக்குப் போன பிறகுதான் முபீன் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி, தாயே மகள் இல்லையெண்டு சொன்ன பிறகு இதை நான் முடிக்கேலாது. நாளைக்குக் கோயிலுக்குப் போய் உங்கட ஞானஸ்நானப் பதிவை எடுத்துப் பாருங்கோ. அதில என்ன கிடக்கெண்டு எனக்குச் சொல்லுங்கோ."

அன்று யசிந்தா வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்தில் இருந்தபடி அம்மாவின் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பரேசனுக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. தாயே பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டாள். இனி எந்த நொத்தாரிசு எழுதுவான்?

வெள்ளி, ஒன்பதே கால். பங்குச் சுவாமி பழைய பதிவேட்டைத் தூசி தட்டி மேசையில் வைத்தார். 1985 பெப்ரவரி. யாகப்பர், அருளம்மா மகள் யசிந்தா. ஞானஸ்நானம்.

"இந்தா இருக்கே," என்றார் சுவாமி. பிறகு விரல் ஓரத்தில் நின்றது. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை கீறியிருந்தது. கீழே ஒரு இலக்கம். சுவாமி எழும்பிப்போய் இன்னொரு புத்தகம் எடுத்து வந்தார். அது அடக்கப் பதிவேடு.

1986 ஒக்டோபர் ஒன்பது. யாகப்பர் மகள் யசிந்தா. வயது ஒரு வருடம் எட்டு மாதம். காய்ச்சல்.

யசிந்தா வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

சுவாமி முதல் புத்தகத்தில் இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். 1988 ஜனவரி. யாகப்பர், அருளம்மா மகள்... பிரான்சிஸ்கா.

"இது ஆர் சுவாமி?"

சுவாமி அவளைப் பார்த்தார். பார்க்கவே அவருக்குக் கவலையாக இருந்தது. "நீங்கள்தான் பிள்ளை."

பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. பிரச்சினைக் காலம். பாதை பூட்டு. செத்த பிள்ளையின் மரணத்தைக் கந்தோரில் பதிய ஒருவரும் போகவில்லை. அடுத்த பிள்ளையின் பிறப்பையும் பதியவில்லை. தொண்ணூறில் படகேறி இந்தியா. திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் கேட்டபோது, யாகப்பர் அலுமாரியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். வீட்டு உறுதியும் அந்தப் பெயரில்தானே கிடக்கிறது, ஒரே வேலையாக முடிந்தது என்று நினைத்திருப்பார். கேட்கக்கூடிய சனத்தில் பாதிப்பேர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள். மிச்சப்பேர் மறந்துவிட்டார்கள். "அந்த நாளில கன குடும்பம் இப்பிடிச் செய்தது பிள்ளை," என்றார் சுவாமி.

செய்திருக்கலாம். ஆனால் யசிந்தா நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு செத்த பிள்ளையின் பெயரில் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அந்தப் பெயரில் கலியாணம் கட்டியிருக்கிறாள். அம்மா நூறு தரம் கூப்பிட்டது அவளை அல்ல. அவள் ஓடிப்போய் முன்னால் நின்ற நேரமெல்லாம் அம்மா அவளைத் தாண்டி வேறு யாரையோ தேடியிருக்கிறாள். அதுதான் அவளுக்குப் பேயைவிடப் பெரிதாக வலித்தது. கோயில் வாசலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.

பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள். பயம் போகவில்லை. ஆனாலும் அறைக்குள் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில் இருந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முழங்கால் உயரத்தைப் பார்த்தாள்.

ஒன்றரை வயதுப் பிள்ளை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"அக்கா..."

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"வீடு உங்கடதான் அக்கா. அப்பா உங்களுக்குத்தான் எழுதினவர். எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. நான் இருந்தாலும் இருப்பன், செத்தாலும் சாவன். என்ர பிள்ளைக்கு ஒரு இடமும் இல்லை. அவ உங்கட மகள் மாதிரித்தானே. அவவை இருக்க விடுங்கோ."

ஒரு சத்தமும் இல்லை. ஓம் இல்லை. இல்லை என்றும் இல்லை.

கட்டிலில் அருளம்மாவின் கண்ணால் தண்ணீர் வடிந்தது.

முபீனுக்குக் கதையைச் சொன்னபோது அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார். செத்த பிள்ளையின் சொத்து இப்போது தாய்க்கும் சகோதரிக்கும்தான் வரும், இரண்டு பேரும் சேர்ந்து டினோஜாவுக்கு எழுதலாம் என்றார். ஆனால் தாய் சத்தியக்கடதாசியில் பெருவிரல் வைக்க வேண்டும். என் மகள் யசிந்தா இறந்துவிட்டாள் என்று. முப்பத்தொன்பது வருடமாக அருளம்மா வாயால் சொல்லாத சொல்.

திங்கள் காலை பதினொன்று ஐந்து. முபீன் வாசித்தார். மூன்று பிரதியிலும் 'யசிந்தா எனப்படும் பிரான்சிஸ்கா' என்று எழுதியிருந்தது. பைறூஸ் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

முபீன் அருளம்மாவின் இடது கையை மெல்லத் தூக்கி, "சம்மதமா தாயே?" என்றார்.

அருளம்மா கட்டிலின் பக்கத்தைப் பார்த்தாள். யாரிடமோ கேட்பதைப் போல, கொஞ்ச நேரம்... பிறகு தலையசைத்தாள். சத்தியக்கடதாசியில் ஒன்று, உறுதியில் மூன்று. நாலு அடையாளம். நாலும் வைத்து முடிந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அருளம்மா யாரையும் கூப்பிடவுமில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் யசிந்தா நினைத்தாள்.

ஜூலை முப்பது, புதன். பின்னேரம் இரண்டு ஐம்பது. கொழும்புக்குக் கொண்டுபோக உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. முபீன். குரல் நல்லாயில்லை.

"தங்கச்சி, பதிவுக்கு அனுப்ப இப்பதான் உறுதியை எடுத்தனான். இரும்பு அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சது. திறப்பு என்ர இடுப்பிலதான் கிடந்தது."

"என்ன சேர்?"

"உங்கட உம்மாவின்ர பெருவிரலுக்குக் கீழ... இன்னொரு பெருவிரல் கிடக்கு. மூண்டு பிரதியிலயும். அண்டைக்கு இருக்கேல்ல. கிளாக்கரும் பார்த்தவன், பைறூசும் பார்த்தவன். இருக்கேல்ல."

யசிந்தா போனைக் காதோடு அழுத்தினாள்.

"சின்னன், தங்கச்சி. பயத்தங்கொட்டை அளவு. ரேகை எல்லாம் தெளிவாத் தெரியுது. மை இன்னும் ஈரம்."

முபீன் உறுதியைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"பெருவிரல் அடையாளம் எண்டால் ஆரின்ர எண்டு பக்கத்தில நான் எழுத வேணும். எழுதாமப் பதிவுக்கு அனுப்பேலாது. சொல்லுங்கோ... என்ன எழுத?"

யசிந்தா அடுக்கின உடுப்பின் மேல் இருந்தாள்.

"வீட்டை எழுதிக் குடுக்கிற அக்காவின்ர பேரை எழுதுங்கோ சேர்."

மறுபக்கத்தில் பேனா கடதாசியில் உரசுகிற சத்தம் கேட்டது.